டிரையரில் காய்ந்த குரல்

டீக்கடைக்காரர் வடிகட்டியை அடுப்போரம் வைத்துவிட்டு யாரிடமோ பேசத் திரும்பினார். அதற்குள் அதன் பிடி இளகிவிட்டது. கொதிக்கும் தேயிலை வாசனையும் பிளாஸ்டிக் பொசுங்கும் வாசனையும் ஒன்றாக எழுந்து என் முகத்தில் வந்து நின்றன. நான் கோயம்புத்தூரில், மேம்பாலத்துக்குக் கீழே, வெயிலில் நின்றுகொண்டிருந்தேன். மூக்கு என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது பாட்டுக்கு பர்லியாறு தாண்டி, வளைவு வளைவாக ஏறி, குன்னூர் பஜாரில் ஒரு மாடிக் கடைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அந்த இரண்டு வாசனைகளையும் சேர்த்து அதற்கு முன் ஒரே ஒரு தடவைதான் முகர்ந்திருக்கிறேன். கட்டைவிரல் நீளமுள்ள ஒரு பென்டிரைவிலிருந்து வந்தது அது.

அப்போது தேயிலைக்கு விலை விழுந்துகிடந்தது. விழுந்தது எழுந்துவிடும் என்று முதலில் சொன்னார்கள். பிறகு அப்படிச் சொல்வதை நிறுத்திவிட்டார்கள். பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டாது என்று சிறு விவசாயிகள் கொழுந்தைச் செடியிலேயே விட்டார்கள். காலமெல்லாம் இடுப்பளவில் வெட்டி நிறுத்தப்பட்ட செடிகள், தாங்கள் மரம் என்பது ஞாபகம் வந்ததுபோல, ஒவ்வொன்றாக நிமிரத் தொடங்கின. பச்சைக் கொழுந்தை விலைக்கு வாங்கித் தூளாக்கும் ஃபேக்டரிகள் வாரத்தில் பாதி நாள் ஓடின. பிறகு கொழுந்து வந்தால் ஓடின. புகைபோக்கிகளில் புகை இல்லாத காலைகளில் மலை குளிக்காத பிள்ளைபோல அழுதுவடிந்து நின்றது.

நான் பஜாரில் ஒரு பிரவுசிங் சென்டரில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். எந்த ஊரிலும் கால் தரிக்காமல் திரிந்த காலம். இந்த மலையில்தான் கொஞ்சம் நின்றேன். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, ‘வீடு வாடகைக்கு விடப்படும்’. அந்த வருடங்களில் அதிகம் அடித்தது மூன்றாவதைத்தான்.

குடியிருந்தது பஜாருக்குக் கீழே, சரிவில், தகரம் போட்ட வரிசை வீடுகளில் ஒன்று. பக்கத்து வீட்டு அக்கா சிறு தோட்டங்களில் தினக்கூலிக்குக் கொழுந்து பறிப்பவர். சிலோனில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, இரண்டு அரசாங்கங்கள் போட்ட ஒப்பந்தத்தில் கப்பலேறி இந்தப் பக்கம் வந்தவர். வரிசை வீடுகளை லயம் என்பார், வீட்டைக் காம்பரா என்பார். அவர் கணவரை நான் அண்ணன் என்பேன். ஒரு ஃபேக்டரியில், ஈரத் தூள் உள்ளே போய்க் கறுத்துக் காய்ந்து வெளியே வரும் டிரையரைப் பார்த்துக்கொள்பவர். அன்னூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க மலையேறிய குடும்பம் அவருடையது.

“ஊடுன்னு சொல்லு புள்ள. காம்பராவாம் காம்பரா! கப்பல்ல வந்த தொரைசானி.”

“ஊடாம் ஊடு. ஊடு பூந்து திருடுறவன் மாதிரி ஒரு பேச்சு.”

அவர்களுடைய பிரியம் சுவரைத் தாண்டி எனக்குக் கேட்டது இப்படித்தான்.

ஒரு நாள் அக்கா நான் வேலைபார்க்கும் கடைக்கே ஏறி வந்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு சிவப்புப் பென்டிரைவை மேசைமேல் வைத்தார்.

“தம்பி, இதுக்குள்ள என் தங்கச்சி இருக்கு. எடுத்துக் குடு.”

தங்கச்சிக்குச் சின்ன வயதிலேயே பக்கத்துத் தோட்டத்தில் கல்யாணமாகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டுக்கு அங்கேயே பிரஜாவுரிமை கிடைத்தது. அக்காவுக்கும் அம்மாவுக்கும் இந்தியா என்று எழுதியிருந்தது. ரயிலடியில் பிரிந்தார்கள். அம்மா இங்கே வந்து, இந்தக் குளிர் பழகும் முன்பே, ஒரு மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார். அக்காவுக்கு எழுதத் தெரியாது. எழுதித் தருகிற ஆளைத் தேடிப் பிடித்து, சேதி கடலைத் தாண்டியபோது, இங்கே காரியமெல்லாம் முடிந்து மாதங்கள் ஆகிவிட்டன. அந்தப் பக்கத்திலிருந்து வந்துபோகிற யாரோ ஒருவர் மூலம் ஒரே ஒரு வார்த்தை வந்ததாம். ‘அம்மா செத்தத சொல்லாதவ எனக்கு அக்கா இல்ல.’ அதோடு சரி. அதற்குப் பின் கடல் மட்டும்தான்.

கூடலூரில் இருந்த சொந்தக்காரர் ஒருவர் கல்யாணத்துக்காகச் சிலோன் போனபோது அக்கா அவரிடம் ஒரு கேள்வி கொடுத்தனுப்பினார். கோவம் இன்னும் இருக்கா? அவ்வளவுதான் கேள்வி. அவர் எப்படியோ தங்கச்சியைத் தேடிக் கண்டுபிடித்து, இரவல் வாங்கிய கேமராவை ஒரு ஸ்டூல்மேல் நிறுத்தி ஓடவிட்டு, “அக்கா எதுக்க ஒக்காந்திருக்கிறதா நெனச்சுப் பேசு” என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். அவருக்கு அந்த இங்கிதம் தெரிந்திருந்தது. தங்கச்சி ரொம்ப நேரம் பேசியதாம். என்ன பேசியது என்று அவருக்குத் தெரியாது. கேமராவை இரவல் கொடுத்தவர் அதைப் பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்துவிட்டுக் கேமராவில் இருந்ததை அழித்துவிட்டார். அக்காவின் கேள்விக்கான பதில் உலகத்தில் அந்தச் சிவப்புத் துண்டுக்குள் மட்டும்தான் இருந்தது.

அதைக் கம்ப்யூட்டரில் சொருகினேன். ஒரு சத்தமும் இல்லை. மாற்றிச் சொருகினேன். இல்லை. அக்காவும் அண்ணனும் அதைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார்கள். சாமி படத்துக்குப் பின்னால் இருந்த சுவர் ஆனி மாதத்திலிருந்து வியர்த்துக்கொண்டிருந்தது. தொட்டுப் பார்த்தபோதே சில்லென்று இருந்தது.

“ஈரம் ஏறியிருக்கும்க்கா. ரெண்டு நாளு நல்லாக் காயட்டும். அப்புறம் பாப்போம்.”

அரிசிப் பானைக்குள் போட்டு வைக்கச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பத்திரிகை அடிக்க ஒரு கல்யாண வீடே படியேறி வந்துவிட்டது. அக்கா கிளம்பிவிட்டார்.

இந்த மலையில் மழைக்காலத்தில் எதுவும் தானாகக் காயாது. குழந்தைத் துணி, கம்பளி, பள்ளிக்கூடச் சட்டை, மருந்துக்கு வைத்திருக்கும் வேர், எல்லாம் மூட்டையாகக் கட்டி ஃபேக்டரிக்குப் போகும். டிரையரைச் சுற்றிக் கொடி கட்டியிருப்பார்கள். வேலை முடிந்து வருகிறவர்கள் கையில் தேயிலை வாசனையடிக்கும் உலர்ந்த துணியோடு வருவார்கள். ‘காயட்டும்’ என்று ஒருவர் சொன்னால், ‘ஃபேக்டரிக்குக் கொண்டுபோ’ என்றுதான் அதற்கு இங்கே அர்த்தம். அண்ணன் கொண்டுபோனார். பென்டிரைவைக் கொடியில் தொங்கவிட முடியாது. டிரையரின் தகரத்துமேலேயே வைத்துவிட்டார். அன்றைக்கு ஓட்டம் இருந்தது, ஆனால் கொழுந்து கொஞ்சம். அடுப்பு வழக்கம்போல எரிந்தது. உள்ளே குடிக்க ஈரம் இல்லாத சூடு எங்கே போகும்? தகரத்துக்கு ஏறியது.

இரண்டு பேரும் கடைக்கு வந்தார்கள். அண்ணன் கைக்குட்டையைப் பிரித்தார். அந்த வாசனை வந்தது. சிவப்புப் பிளாஸ்டிக் கோணிக்கொண்டு, ஒரு பக்கம் சப்பி, பல்லைக் கடித்த வாய்போல இருந்தது.

“ஏனுங் தம்பி, காயட்டும்னு சொன்னீங்களாமா. காய வெச்சனுங்க. கொஞ்சம் எச்சாக் காஞ்சுபோச்சுங்க.”

“கொழுந்தக் காய வைக்கத்தான் ஒனக்குச் சம்பளம்” என்றார் அக்கா. “கொழுந்தியாளையும் சேத்து வறுத்துக் கொண்டாந்து நிக்கிறியே, மனுசா!”

கல்யாண வீட்டார் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. “ஒரு பிடித் தூளக்கூட நான் கருக வுட்டதில்லீங்க” என்றார், யாரிடம் என்றில்லாமல். பிறகு கைக்குட்டையை மடித்தார், மடித்ததை மறுபடி மடித்தார், இனி மடிக்க முடியாது என்று ஆனபின் பையில் வைத்தார்.

நகவெட்டியால் மேலோட்டை உடைத்தேன். உள்ளே பச்சைத் தகடு முழுசாக இருந்தது. சொருகுகிற முனையில் ஒரு பல் மட்டும் விட்டுப்போயிருந்தது. பக்கத்துக் கடையில் செல்ஃபோன் பழுது பார்க்கிறவர் அதை ஈயம் வைத்துச் சேர்த்துக் கொடுத்தார். சொருகினேன். கம்ப்யூட்டர் இரண்டு சொட்டுச் சத்தம் போட்டது. அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டார். திரையில் ஒரு கேள்வி வந்தது. இது வெற்றாக இருக்கிறது, துடைத்துப் புதிதாக்கித் தரட்டுமா என்று கேட்டது. எவ்வளவு மரியாதையாகக் கேட்கிறது பாருங்கள், இருப்பதையெல்லாம் அழிக்க. வேண்டாம் என்று அமுக்கினேன்.

அழிந்த ஃபைல்களைத் தேடித்தரும் ஒரு மென்பொருளை இறக்கி ஓடவிட்டேன். பச்சைக் கோடு ஒன்று எறும்பாக நகர்ந்தது. பாதி வழியில் கரண்ட் போனது. “குந்தா டேம்ல கரண்ட் எடுக்கறாங்க, ஊருக்கெல்லாம் அனுப்பறாங்க, பக்கத்துல இருக்கற நமக்குத்தான் இல்லீங்க” என்று அண்ணன் இருட்டைப் பார்த்துச் சொன்னார். அதைச் சொல்லாமல் இங்கே யாரும் மெழுகுவர்த்தி ஏற்றுவதில்லை. கரண்ட் வந்தது. முதலிலிருந்து தொடங்கினேன். அருவங்காட்டு வெடிமருந்து ஃபேக்டரியில் சங்கு ஊதி, வேலை விட்டவர்கள் கீழே பஜாரில் நிறையும்போது, திரையில் வரிசையாக ஃபைல்கள் முளைத்தன. சேதமான இடத்திலிருந்து மீட்டால் அப்படித்தான்: உள்ளிருப்பது வரும், அதற்கு வைத்த பெயர் வராது. எண்கள்தான் வரும்.

சந்தோஷத்தில் திரும்பிச் சொன்னேன்: “அக்கா, எல்லாம் இருக்கு. பேருதான் போயிருச்சு.”

அக்கா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“பேர வெட்டிட்டாங்களா?”

“யாருக்கா?”

“தோட்டத்துலதான். எங்களோட பேசுனதுக்கா என் தங்கச்சி பேர வெட்டிட்டாங்க?”

எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அண்ணன்தான் விளக்கினார். இத்தனை வருடம் கூட வாழ்ந்ததில் அவருக்கு அந்த ஊர்ப் பேச்சு தெரிந்திருந்தது. அக்கா பிறந்த தோட்டத்தில் பேர் என்பது கூப்பிடுகிற பேர் அல்ல. ஒரு நாள் முழுக்கப் பறித்தால் ஒரு பேர். நேரம் கழித்து வந்தாலோ கொழுந்து குறைந்தாலோ அரைப் பேர். தோட்டத்தில் பேர் பதிந்தவளுக்கு லயத்தில் இடம் உண்டு. பேரை வெட்டிவிட்டால் அன்றைக்கே சட்டி பானையோடு வெளியே நிற்க வேண்டும். ஆளே இல்லை என்று ஆக்குவதற்கு அவர்களிடம் இருந்த சொல் அது.

“ஃபைலுக்குத்தான்க்கா பேரில்ல. பேருக்குப் பதிலா நம்பர் போட்டு வருது.”

“நம்பரா?” அக்கா மூச்சை விட்டார். “நம்பர் இருந்தாப் போதும். கப்பல்ல எங்களயும் நம்பர் போட்டுத்தான் கொண்டாந்தாங்க.”

முதலில் வந்தவை யாரோ ஒருவருடைய கல்யாணப் படங்கள். மாலை, வாழையிலை, கண்ணை மூடிய மாப்பிள்ளை. கடைசியில் ஒரே ஒரு வீடியோ. திறந்தேன்.

ஒரு சுவர். சுவரில் நாள்காட்டி. நரைத்த ஒரு பெண் ஸ்டூலுக்கு எதிரே உட்கார்ந்து சேலையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். அக்காவின் நெற்றி, அக்காவின் மூக்கு. வேறு யாரோ வாழ்ந்து முடித்த அக்கா மாதிரி.

“பேசவா? இது ஓடுதா?” என்றாள் அந்தப் பக்கம் யாரிடமோ. பிறகு எங்களை நேராகப் பார்த்தாள். “அக்கா. நாந்தான். இங்க மழ. ஓயாத மழ. எனக்கு முன்பல்லு போச்சுக்கா. ஒனக்கு?”

“எனக்கும் போச்சுடி” என்றார் அக்கா திரையிடம். வாயைத் திறந்து காட்டினார். அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பின்னால் ஒரு இளம்பெண் வந்து ஒரு டம்ளரை வைத்துவிட்டுப் போனாள். அவள் முகம் வரவில்லை. ஒரு கை, இரண்டு கண்ணாடி வளையல், அவ்வளவே. தங்கச்சி தண்ணீர் குடித்தாள். முந்தானையால் வாயைத் துடைத்தாள்.

“கூடலூரு அண்ணே வந்து கேட்டுச்சு, கோவம் இருக்கான்னு. கோவம்…” டம்ளரைத் தள்ளி வைத்தாள். “அம்மா சேதி வந்த அன்னிக்கே, அக்கா, ஒன் பேர நான்…”

படம் பச்சைக் கட்டங்களாக உதிர்ந்தது. தகரத்தைச் சுரண்டுவதுபோல ஒரு சத்தம். திறந்த வாயோடு தங்கச்சி நின்றுபோனாள்.

மறுபடி ஓட்டினேன். மறுபடியும் அங்கேதான். அக்கா ஒவ்வொரு தடவையும் “எனக்கும் போச்சுடி” என்று சொல்லிக்கொண்டிருந்தார், சற்றுச் சற்று மெதுவாக.

அண்ணன்தான் முதலில் பேசினார். “உன்ற பேர என்ற புள்ளைக்கு வெச்சுட்டேன்னு சொல்ல வந்திருப்பா. பொறவால ஒரு புள்ள டம்ளரோட வந்துச்சல்ல?”

“வெட்டிட்டேன்னு சொல்ல வந்திருக்கும்.”

“ஏம் புள்ள அப்பிடியே நெனைக்கற?”

“அது பெத்துச்சா பெறலயான்னே எனக்குத் தெரியாது. நீ அதுக்குள்ள பேரு வச்சுக் காது குத்துற!”

கூடலூர்க்காரரைக் கூப்பிட்டுக் கேட்டோம். லயம் நிறைய ஜனம், யார் யாருடைய பிள்ளை என்று அவர் பார்க்கவில்லை. அங்கேயும் தேயிலை சரியில்லை, அந்த லயமே காலியாகப் போவதாகப் பேசிக்கொண்டார்கள், எங்கே போகிறார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை என்றார். அந்த விலாசத்துக்கு நானே அக்காவுக்காக எழுதிப் போட்டேன். பதில் இல்லை. வேறு மென்பொருள்களை ஓட்டிப் பார்த்தேன். எல்லாம் அந்த ‘நான்’ வரை கூட்டிக்கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பின. சென்னையில் சில்லையே பிரித்துப் படிக்கிற இடம் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டேன். அனுப்பிப் பார்க்கிறேன் என்று அக்காவிடம் சொன்னேன்.

அதற்குள் ஃபேக்டரியின் கதவில் பூட்டு விழுந்தது. இரண்டு பேரும் திருப்பூருக்குப் போவதென்று முடிவானது. அந்த வரிசையில் பாதிக் கதவுகள் ஏற்கெனவே திருப்பூருக்குப் போய்விட்டிருந்தன.

சென்னையிலிருந்து வெகுநாள் கழித்து ஒரு உறை வந்தது. பச்சைத் தகடு, கூடவே இரண்டு வரி. சூட்டில் அந்தப் பகுதி போய்விட்டது, மீதி கிடைக்கவில்லை. அக்காவின் எண் என்னிடம் இருந்தது. ஒரு ஃபோனிலிருந்து அடுத்த ஃபோனுக்கு அதை மாற்றி மாற்றி இன்றுவரை வைத்திருக்கிறேன். ஒரு தடவைகூட அதை அழுத்தியதில்லை. கிடைத்தது, நல்லதுதான் சொல்லியிருக்கிறாள் என்று சொல்லிவிடலாமே என்று எத்தனையோ முறை தோன்றியிருக்கிறது. சொன்னால் அடுத்த பஸ்ஸில் மலையேறி வந்து, போட்டுக் காட்டு என்று நிற்பார். எதைக் காட்டுவது? ஊரார் சந்தோஷத்துக்கும் சாவுக்கும் வாக்கியம் செய்து கொடுத்துப் பிழைத்தவன், அந்த ஒரு வாக்கியத்தின் மீதியை என்னால் செய்ய முடியவில்லை. கிடைக்கவில்லை என்று உள்ளதையாவது சொல்லியிருக்கலாம் அல்லவா என்று நீங்கள் கேட்கலாம். அதைத்தான் சொல்லவே முடியாமல் போயிற்று. ஏன் என்பதற்கு அவர்கள் கிளம்பிய காலையைச் சொல்ல வேண்டும்.

குன்னூர் பஸ் ஸ்டாண்டில் பனி தரையோடு கிடந்தது. பஸ்களுக்குச் சக்கரமே இல்லாததுபோல இருந்தது. அண்ணன் மூட்டைகளை ஏற்றினார்: பாத்திரம், கம்பளி, சாமி படம்.

“திருப்பூர்ல துணி தானாவே காயுமாமுங்க தம்பி” என்றார். “என்ற வேலைக்கு அங்க ஒரு அவசியமும் இல்லீங்க.”

“வாய மூடிட்டு ஏறு மனுசா. அங்க போயி பனியன வறுத்துறாத.”

அண்ணன் சிரித்தார். பென்டிரைவ் கருகியபின் அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். ஏறிப்போய் உள்பக்கம் உட்கார்ந்துகொண்டார்.

அக்கா சன்னலோரம் உட்கார்ந்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்து, பால் கவரில் சுருட்டிய அந்தப் பச்சைத் தகட்டை என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினார். கொழுந்து பறித்துக் கறுத்து வெடித்த விரல்கள், சில்லிட்டிருந்தன. டிரைவர் ஏறி வண்டியைக் கிளப்பினார். சத்தத்தில் கேட்காது என்று அக்கா சன்னல் கம்பியோடு முகத்தை ஒட்டிக்கொண்டார்.

“சென்னைக்காரவுக மீதிய எடுத்துக் குடுத்தா, மொதல்ல நீ ஒக்காந்து கேளு தம்பி. பேர வச்சிட்டேன்னு சொல்லியிருந்தா ஒடனே ஃபோன் போடு. நான் எந்த வேலையில நின்னாலும் போட்டுட்டு ஓடியாறேன்.”

“சரிக்கா.”

“வெட்டிட்டேன்னு சொல்லியிருந்தா அத நீ உன் வாயால சொல்லாத.” பஸ் நகர்ந்தது. நானும் கூடவே நடந்தேன். “கெடைக்கலன்னு மட்டும் சொல்லு. நான் புரிஞ்சுக்கிறேன்.”